ருமேனிய விடுதிக் குழந்தைகளும் அயல்நாட்டுத் தத்தெடுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பெற்றோரைப் பிரிந்த குழந்தைக்கு உணவும் உடையும் உறைவிடமும் கிடைத்துவிட்டால் அதன் வளர்ச்சி தடையின்றி நிகழும் என்னும் நம்பிக்கை நெடுங்காலம் பல நாடுகளில் நிலவியது. அக்குழந்தை பின்னர் அன்புடைய குடும்பம் ஒன்றில் சேர்ந்துவிட்டால் முன்பு பட்ட துயரங்கள் யாவும் மறைந்துபோகும் என்பது அதனோடு இணைந்த மற்றொரு நம்பிக்கையாகும். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ருமேனிய நாட்டு விடுதிகளிலிருந்து இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா முதலிய நாடுகளுக்குத் தத்தெடுத்துச் செல்லப்பட்ட குழந்தைகளின் வரலாறு இவ்விரு நம்பிக்கைகளையும் சோதனைக்கு உள்ளாக்கியது. முதல் நம்பிக்கை முற்றிலும் பொய்த்தது. இரண்டாவது நம்பிக்கை பாதி உண்மையாக நின்றது. அந்தப் பாதி உண்மை எது, எஞ்சியது யாருடைய பொறுப்பு என்பனவற்றை வரலாற்று அடிப்படையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்ச் சூழலில் தத்து என்றவுடன் குலத்தொடர்ச்சியும் சொத்துரிமையும் இறுதிக்கடன் செய்யும் உரிமையும் நினைவுக்கு வருவது இயல்பு. அவை யாவும் தத்தெடுப்போர் பக்கம் நின்று எழுந்த கருத்துகளாகும். தத்தெடுக்கப்படும் குழந்தை அதற்கு முன் எங்கு இருந்தது, எவ்வளவு காலம் இருந்தது, அங்கு அதற்கு என்ன நேர்ந்தது என்னும் வினாக்கள் அக்கருத்துகளுள் இடம்பெறவில்லை. ருமேனிய வரலாறு இவ்வினாக்களை முன்னிறுத்துகிறது.

பிணைப்புக் கோட்பாட்டின் தோற்றம்

விடுதிகளில் வளரும் குழந்தைகளைப் பற்றிய அறிவு ருமேனிய விடுதிகள் வெளிப்படுவதற்கு முன்பே உருவாகிவிட்டது. ரெனே ஸ்பிட்ஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர் 1945இல் வெளியிட்ட ஆய்வில், தூய்மையும் மருத்துவ வசதியும் உடைய காப்பகக் குழந்தைகளைவிடச் சிறைச்சாலையில் தம் தாயர் கைகளில் வளர்ந்த குழந்தைகள் நல்ல வளர்ச்சி பெற்றிருந்ததை எடுத்துக்காட்டினார். உலகச் சுகாதார நிறுவனத்திற்காக ஜான் பௌல்பி எழுதி 1951இல் வெளிவந்த அறிக்கை, தாயோ தாய்நிலையில் நிற்கும் நிலையான ஒருவரோ குழந்தையின் மனநலத்திற்கு இன்றியமையாதவர் என்று வலியுறுத்தியது. பின்னாளில் பௌல்பியும் மேரி அய்ன்ஸ்வொர்த்தும் வளர்த்தெடுத்த பிணைப்புக் கோட்பாட்டிற்கு இதுவே அடித்தளமாயிற்று.

அதே 1951இல் அன்னா ஃபிராய்டும் சோஃபி டானும் வெளியிட்ட மற்றோர் ஆய்வும் இங்கு நோக்கத்தக்கது. நாசிகளின் தெரசியன்ஸ்டாட் முகாமில் பெற்றோரை இழந்து எஞ்சிய ஆறு குழந்தைகள் 1945இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு வயது ஏறத்தாழ மூன்று. சசெக்ஸ் பகுதியிலுள்ள புல்டாக்ஸ் பேங்க் என்னும் இல்லத்தில் அவர்கள் ஓராண்டு வளர்க்கப்பட்டனர். வளர்க்க வந்த பெரியவர்களை அவர்கள் முதலில் கடித்தும் உமிழ்ந்தும் வெறுத்தனர், பொம்மைகளை உடைத்தனர். ஆயின் தங்களுக்குள் ஒருவரையொருவர் பிரியாமல் இருந்தனர். தன் உணவைவிடப் பிறர் உணவைப் பற்றியே கவலை கொண்டனர். பெரியவர் எவரும் நிலைத்து நில்லாத சூழலில் அக்குழந்தைகள் தம் பற்றை ஒருவர்மேல் ஒருவர் வைத்துக்கொண்டனர். ஒருவரையேனும் பற்றிக்கொள்ளும் தேவை குழந்தையிடம் எவ்வளவு ஆழமாக உள்ளது என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

இவ்வளவும் 1951இலேயே அச்சில் இருந்தன. இவற்றுக்குப் பின்னரே ருமேனிய அரசு தன் விடுதி அமைப்பை விரிவாக்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆணை எண் 770

ருமேனியாவில் 1965இல் ஆட்சிக்கு வந்த நிக்கோலே சௌசெஸ்கு, மக்கள்தொகைப் பெருக்கமே நாட்டின் வலிமை என்று கருதினார். 1966 அக்டோபரில் வெளியிடப்பட்ட ஆணை எண் 770 கருக்கலைப்பைத் தடை செய்தது. 45 வயதைக் கடந்தவர்கள், நான்கு குழந்தைகளைப் பெற்றவர்கள் முதலிய சிலருக்கே தொடக்கத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. கருத்தடைச் சாதனங்களும் கிடைப்பதற்கு அரியவையாயின. 25 வயதைக் கடந்தும் குழந்தையில்லாதோர்மீது வரி விதிக்கப்பட்டது. இதன் விளைவாக, 1966இல் ஏறத்தாழ 2,73,000ஆக இருந்த பிறப்பு எண்ணிக்கை 1967இல் ஏறத்தாழ 5,28,000ஆக உயர்ந்தது. ஓராண்டிற்குள் ஏறக்குறைய இருமடங்கான இவ்வெண்ணிக்கையை எதிர்கொள்ள மருத்துவமனைகளும் பள்ளிகளும் குடும்பங்களின் வருவாயும் இடம் தரவில்லை.

1980களில் வெளிநாட்டுக் கடனை விரைந்து அடைக்கச் சௌசெஸ்கு மேற்கொண்ட சிக்கன நடவடிக்கைகளால் உணவு, மின்சாரம், வெப்பமூட்டும் எரிபொருள் ஆகியவை பங்கீட்டு முறைக்கு வந்தன. வறுமையுற்ற பெற்றோர் தம் குழந்தைகளை அரசு விடுதிகளில் சேர்த்தனர். 'அரசு உங்களைவிட நன்றாக வளர்க்கும்' என்பதே அவர்களுக்கு ஊட்டப்பட்ட கருத்து. 1989 திசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் இத்தகைய விடுதிகளில் இருந்தனர்.

இவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்குப் பெற்றோர் இருவரும் அல்லது ஒருவரேனும் உயிருடன் இருந்தனர். உலகச் செய்தித்தாள்கள் இவர்களை 'அனாதைகள்' என்று எழுதின. அது பிழையான சொல்லாட்சியாகும். இவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது சாவு அன்று. ஓர் அரசாணையும் அதன்வழிப் பெருகிய வறுமையுமே ஆகும். ஒரு சொல்லின் பிழை வரலாற்றின் பொறுப்பையே மறைத்துவிட வல்லது என்பதற்கு இது சான்றாகிறது.

விடுதிகளின் நடைமுறை

1970ஆம் ஆண்டின் சட்டம் விடுதிகளை வயது வாரியாகப் பகுத்தது. பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகள் தங்கிய விடுதிக்கு ருமேனிய மொழியில் 'லியகன்' என்று பெயர். அச்சொல்லுக்குத் தொட்டில் என்பது பொருள். மூன்று வயதில் குழந்தைகள் சோதிக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்பட்டனர். உடல் நலமுடையோர் குழந்தைகள் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஊனமுற்றோராகவோ மனவளர்ச்சி குன்றியோராகவோ கருதப்பட்டோர் 'மீட்க இயலாதோர்' என முத்திரையிடப்பட்டுத் தனி விடுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். 1990இல் மேலைநாட்டு இதழாளர்கள் வெளிக்கொணர்ந்த சிகித் விடுதி இத்தகையது. விடுதி வாழ்க்கையாலேயே பேச்சும் நடையும் தாமதப்பட்ட குழந்தைகள், அத்தாமதத்தையே காரணமாகக் கொண்டு மீட்க இயலாதோர் ஆக்கப்பட்டதும் உண்டு.

லியகன்களில் குழந்தைகள் நாளின் பெரும்பகுதியைக் கம்பியிட்ட கட்டில்களில் கழித்தனர். விளையாட்டுப் பொருள் மிகக் குறைவு. கூழ் நிரப்பிய புட்டியைக் கட்டிலில் சாய்த்துவைத்துவிட்டுப் பணியாளர் அடுத்த கட்டிலுக்குச் செல்வார். சில விடுதிகளில் குழந்தைகளைக் குளிர்ந்த நீரைக் குழாயால் பீய்ச்சிக் கழுவினர். பணியாளர் ஒருவரிடம் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர். அவரும் பணிமுறை மாறுந்தோறும் மாறினார். சோகை நீக்கும் பொருட்டுச் சிறு அளவில் இரத்தம் ஏற்றும் வழக்கமும், ஊசிகளைத் தூய்மை செய்யாமல் மீண்டும் பயன்படுத்தியமையும் சேர்ந்து, எண்ணற்ற குழந்தைகளிடையே எச்.ஐ.வி. தொற்றைப் பரப்பின.

இவற்றுள் பசியும் நோயும் கண்ணுக்குத் தெரிந்தவை. தெரியாதிருந்த ஒன்றைப் புரிந்துகொள்ளப் பிள்ளைத்தமிழ் இலக்கணம் அறிந்த நமக்கு ஒரு வழி உண்டு. செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை என அமையும் பருவங்கள் குழந்தையின் உடல்வளர்ச்சிப் படிகளைக் குறிப்பன என்றே நாம் பாடம் சொல்கிறோம். ஆயின் அப்பருவம் ஒவ்வொன்றிலும் குழந்தையை நோக்கிப் பேசும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆடுக என்கிறார், கைகொட்டுக என்கிறார், முத்தம் கேட்கிறார், வருக என்று அழைக்கிறார். குழந்தை தவழ்வதும் கைகொட்டுவதும் நடந்து வருவதும் யாரோ ஒருவரை நோக்கியே நிகழ்கின்றன. லியகன்களில் குழந்தை இருந்தது, பருவமும் வந்தது, அழைப்பவர் இல்லை. எனவே அங்குப் பல குழந்தைகள் உரிய பருவத்தில் தவழவும் நடக்கவும் பேசவும் இல்லை. அழுவதையும் விட்டுவிட்டனர். அழுதால் எவரேனும் வருவர் என்பதைக் கற்காத குழந்தை அழுவதற்குக் காரணம் இல்லை.

எல்லை கடந்த தத்தெடுப்பு

1990இன் தொடக்கத்தில் இவ்விடுதிகளின் காட்சிகள் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பாயின. மேலைநாடுகளில் எழுந்த இரக்கம் உண்மையானது. 1990 சனவரிக்கும் 1991 நடுப்பகுதிக்கும் இடையில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் அயல்நாட்டினரால் தத்தெடுக்கப்பட்டனர். அமெரிக்காவுக்கு மட்டும் 1991இல் 2,500க்கும் மேற்பட்டோர் சென்றனர்.

இவ்விரைவு இரு கேடுகளைத் தந்தது. ஒன்று, இடைத்தரகர்கள் விடுதிகளை விட்டு ஏழைக் குடும்பங்களை நாடத் தொடங்கியது. விடுதிக்குள் வராத குழந்தைகளும் பணத்திற்குக் கைமாறினர். இதனால் 1991 சூலையில் தனியார் வழித் தத்தெடுப்பை ருமேனிய அரசு நிறுத்தியது. மற்றொன்று, தத்தெடுத்தோர் முன்னறிவின்றி அப்பொறுப்பை ஏற்றது. குழந்தையின் மருத்துவக் குறிப்பு சில வரிகளுக்கு மேல் இல்லாத நிலையில், 'நல்ல உணவும் அன்பும் போதும்' என்னும் வாக்குறுதியோடு அவர்கள் ஊர் திரும்பினர்.

வளர்ப்போர் கண்டவை

புதிய இல்லத்தில் குழந்தைகளின் உடல் எடை விரைவில் கூடியது. பேச்சும் நடையும் வியக்கத்தக்க வேகத்தில் வந்தன. இம்மீட்சி உண்மையானது, இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயின் வளர்ப்போர் எதிர்பாராத சிலவும் தோன்றின. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலினார் ஏம்ஸ் 1997இல் அளித்த அறிக்கை இவற்றை முறையாகத் தொகுத்தது. குறைந்தது எட்டு மாதங்களை ருமேனிய விடுதிகளில் கழித்துப் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வளர்ந்த 46 குழந்தைகள் அதில் ஆராயப்பட்டனர். இவ்வறிக்கையாலும் இதனையொத்த பிற ஆய்வுகளாலும் அறியலாகும் செய்திகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது உணவு. சில குழந்தைகளுக்கு மென்று தின்னத் தெரியவில்லை. அவர்கள் புட்டிக் கூழை மட்டுமே அறிந்திருந்தனர். சிலர் வயிறு நிறைந்ததை உணராது உண்டனர். சிலர் உணவை ஒளித்துவைத்தனர். இதனைத் திருட்டு என்றோ பேராசை என்றோ கொண்டு தண்டித்த வீடுகளில் ஒளித்துவைத்தல் மிகுந்தது. உணவு எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் என்பதைக் குழந்தைக்குக் காட்டுவதே பயன் தந்தது. இரண்டாவது, தம்மைத் தாமே ஆட்டிக்கொள்ளுதல். கட்டிலில் முன்னும் பின்னும் அசைந்தாடுதலும் தலையை மோதுதலும் பெரும்பாலோரிடம் காணப்பட்டன. தொட்டிலை ஆட்ட ஒருவர் இல்லாதபோது குழந்தை தன்னைத் தானே ஆட்டிக்கொண்டது எனலாம். பிறர் அரவணைக்கும் பழக்கம் வரவர இவ்வசைவு பலரிடம் குறைந்தது.

மூன்றாவது, வலியையும் அச்சத்தையும் பிறரிடம் கொண்டுசெல்லாமை. கீழே விழுந்து அடிபட்டாலும் எழுந்து நடந்துவிடும். இரவில் விழித்தாலும் அழையாது கிடக்கும். 'எவ்வளவு அமைதியான குழந்தை' என்று வளர்ப்போர் முதலில் மகிழ்ந்தனர். அவ்வமைதி நல்ல இயல்பன்று என்பதும் அழைத்தும் எவரும் வராத நாட்களின் எச்சம் என்பதும் பின்னரே தெரிந்தன. நான்காவது, வேற்றாரிடம் வேறுபாடின்றிச் சேர்தல். முன்பின் அறியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு தயங்காமல் சென்றுவிடும் குழந்தைகளைப் பற்றிய குறிப்பு ஏறத்தாழ எல்லா ஆய்வுகளிலும் வருகிறது. இதனை முகமலர்ச்சி என்று பிறர் பாராட்டினர். தாயும் வழிப்போக்கரும் அக்குழந்தைக்கு ஒன்றாகவே இருந்தனர் என்பதே இதன் பொருள். எனவே தொடக்க மாதங்களில் ஊட்டுதல், குளிப்பாட்டுதல், தேற்றுதல் ஆகியவற்றை வளர்ப்போரே செய்தலும், விருந்தினர் வரவைக் குறைத்தலும், நாள்முறையை மாற்றாதிருத்தலும் வளர்ப்போர்க்கு அறிவுறுத்தப்படலாயின.

இவை அனைத்திலும் பொதுவாக ஒன்றைக் காண முடிகிறது. வளர்ப்போர் 'கெட்ட நடத்தை' எனக் கண்டவை, விடுதியில் உயிர் பிழைக்க உதவிய நடத்தைகளாகும். வாழுமிடம் மாறியது, நடத்தை மாறவில்லை. அது மாறுவதற்கு, வயதுக்கு ஏற்ற ஒழுங்கைக் கோருவதைக் காட்டிலும், குழந்தை எந்த வயதின் தேவையைத் தவறவிட்டதோ அதனை முதலில் நிறைவு செய்யவேண்டியிருந்தது. நான்கு வயதுக் குழந்தையை மடியில் வைத்து ஊட்டிய பெற்றோர் செல்லங்கொடுத்துக் கெடுப்பதாக உறவினரால் பழிக்கப்பட்டனர். உண்மையில் அவர்கள் விடுபட்ட பருவத்தை மீளத் தந்துகொண்டிருந்தனர்.

காலத்தின் அளவு: ரட்டரின் ஆய்வு

அன்பு எவ்வளவு மீட்கும் என்னும் வினாவுக்கு நெடுங்கால அடிப்படையில் விடை தேடியவர் மைக்கேல் ரட்டர். 1990 பிப்ரவரிக்கும் 1992 செப்டம்பருக்கும் இடையில் இங்கிலாந்துக்கு வந்த 165 ருமேனியக் குழந்தைகளை அவருடைய குழு தொடர்ந்து ஆராய்ந்தது. இவர்களுள் 144 பேர் விடுதிகளில் வளர்ந்தவர்கள். வரும்போது இவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் கடுமையான எடைக்குறைவுடன் இருந்தனர். ஒப்பீட்டிற்காக, இங்கிலாந்திலேயே பிறந்து ஆறு மாதங்களுக்குள் தத்தெடுக்கப்பட்ட 52 குழந்தைகள் தெரிவு செய்யப்பட்டனர். 4, 6, 11, 15 ஆகிய வயதுகளிலும் பின்னர் இருபதுகளின் தொடக்கத்திலும் இவர்கள் மீண்டும் மீண்டும் சந்திக்கப்பட்டனர்.

இவ்வாய்வின் தலையாய முடிவு காலத்தைப் பற்றியது. ஆறு மாதங்களுக்குக் குறைவாக விடுதியில் இருந்தோர், இங்கிலாந்துக் குழந்தைகளிடமிருந்து பெரிதும் வேறுபடவில்லை. ஆறு மாதங்களைக் கடந்து இருந்தோரிடம் கவனச்சிதறலும் மிகைச்செயல்பாடும், மதியிறுக்கம் போன்ற இயல்புகளும், வேற்றாரிடம் வேறுபாடின்றிச் சேர்தலும் மிகுந்து காணப்பட்டன. இவை நல்ல குடும்பங்களில் பல்லாண்டுகள் வளர்ந்த பின்னும் பலரிடம் நீடித்தன. 2017இல் வெளிவந்த தொடராய்வின்படி, அறிவுத்திறனில் இருந்த பின்தங்கல் இளமைப்பருவத்திற்குள் பெரும்பாலும் நீங்கியிருந்தது. ஆயின் மனச்சோர்வு, பதற்றம் ஆகியவை புதிதாக மிகுந்திருந்தன. அதே வேளையில், ஆறு மாதங்களைக் கடந்து விடுதியில் இருந்தோருள்ளும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எவ்வயதிலும் சிக்கலின்றி வளர்ந்திருந்தார். 2020இல் வெளிவந்த மூளைப்படிம ஆய்வில், இவர்களுள் 67 பேரின் மூளைக் கனஅளவு ஒப்பீட்டுக் குழுவினரைவிடச் சராசரியாக 8.6 விழுக்காடு குறைந்திருந்தமை தெரியவந்தது. விடுதியில் கழித்த மாதங்கள் கூடக்கூட இக்குறைவும் கூடியது.

இம்முடிவுகளை இருவகையில் தவறாகப் படிக்கலாம். 'எல்லாம் முடிந்துவிட்டது, இனிப் பயனில்லை' என்பது ஒன்று. விடுதியை விட்டு வெளியேறாதிருந்தால் இக்குழந்தைகளின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை இது மறந்துவிடுகிறது. 'இவ்வளவு செய்தும் பயனில்லையே, வளர்ப்போரிடம் குறை' என்பது மற்றொன்று. நீடித்த வேறுபாடுகளை வளர்ப்பின் தரத்தைக்காட்டிலும் விடுதியில் கழிந்த கால அளவே விளக்கியது என்பதை இது மறந்துவிடுகிறது.

புக்கரெஸ்ட் ஆய்வு

விடுதியை விட்டு வெளியேறாதோர் நிலையை அறியும் வாய்ப்பு ருமேனியாவின் தலைநகரிலேயே அமைந்தது. சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய அமெரிக்க அறிஞர்கள் 2000ஆம் ஆண்டில் புக்கரெஸ்ட் நகரில் ஆய்வொன்றைத் தொடங்கினர். ஆறு விடுதிகளிலிருந்து 6 முதல் 31 மாத வயதுடைய 136 குழந்தைகள் தெரிவு செய்யப்பட்டனர். குலுக்கல் முறையில் 68 பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். 68 பேர் வழக்கமான பராமரிப்பில் தொடர்ந்தனர். பெற்றோரிடம் வளர்ந்த உள்ளூர்க் குழந்தைகள் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்பட்டனர்.

2007இல் வெளியான முடிவுகளின்படி, நான்கரை வயதில் சராசரி நுண்ணறிவு ஈவு விடுதிக் குழுவினர்க்கு 73, வளர்ப்புக் குடும்பக் குழுவினர்க்கு 81, பெற்றோரிடம் வளர்ந்தோர்க்கு 109 என இருந்தது. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்தை அடைந்தோர் கூடுதல் பயன் பெற்றனர்; மொழி வளர்ச்சியில் இவ்வெல்லை 15 மாதங்களாகவே சுருங்கியது. நிலையான பிணைப்பு உருவாதலிலும் இதே போக்கு காணப்பட்டது.

சில குழந்தைகளைக் குடும்பத்திற்கும் சிலரை விடுதிக்கும் குலுக்கலால் ஒதுக்கியது அறமா என்னும் வினா இவ்வாய்வின்மேல் எழுந்தது. புக்கரெஸ்டில் அப்போது வளர்ப்புக் குடும்பங்கள் கிட்டத்தட்ட இல்லை என்பதும், விடுதிக் குழுவிலிருந்த எக்குழந்தையும் பின்னர் குடும்பத்தை அடைவது தடுக்கப்படவில்லை என்பதும் ஆய்வாளர் தந்த விடைகள். இவ்விடை ஏற்கத்தக்கதே ஆயினும் வினா முற்றிலும் நீங்கிவிடவில்லை. 1951இல் பௌல்பி எழுதியதை மெய்ப்பிக்க அரை நூற்றாண்டிற்குப் பின்னரும் குழந்தைகளே சான்றாக நிற்கவேண்டியிருந்தமை வருந்தத்தக்கதாகும்.

தவறிய வழிகளும் தடைகளும்

வளர்ப்போர்க்கு உதவி கிட்டாத இடங்களில் கேடான முறைகள் நுழைந்தன. குழந்தையை வலிந்து பிடித்து அடக்கிப் 'பிணைப்பை உண்டாக்கும்' சிகிச்சைகள் அமெரிக்காவில் பரவின. பாதுகாப்பின்மையை ஏற்கெனவே அறிந்த குழந்தைக்கு இவை மேலும் தீங்கு செய்தன. குழந்தைகள் மீதான வன்கொடுமையை எதிர்க்கும் அமெரிக்க வல்லுநர் சங்கத்தின் குழு 2006இல் இம்முறைகளைக் கைவிடுமாறு வலியுறுத்தியது. 2010 ஏப்ரலில், ருசிய விடுதியிலிருந்து தத்தெடுத்த ஏழு வயதுச் சிறுவனை அமெரிக்கப் பெண் ஒருவர் கடிதமொன்றுடன் தனியாக மாஸ்கோவுக்கு விமானத்தில் திருப்பி அனுப்பினார். அச்செயலின் கொடுமை வெளிப்படை. முன்னறிவும் தொடர் உதவியும் இன்றி இரக்கத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு எங்குச் சென்று முடியக்கூடும் என்பதையும் அது காட்டியது.

ருமேனியாவில் 1997க்குப் பின் உருவான புள்ளிமுறை மற்றொரு சிக்கலைத் தந்தது. உள்ளூர்க் குழந்தை நலத்திற்கு அதிகப் பொருள் வழங்கிய முகவர் அமைப்புகளுக்கு அதிகக் குழந்தைகள் ஒதுக்கப்பட்டனர். உதவியும் வாணிகமும் பிரிக்க முடியாதவாறு கலந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர முயன்ற ருமேனியா 2001இல் அயல்நாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது. 2005 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், அயல்நாட்டில் வாழும் தாத்தா பாட்டிக்கு மட்டுமே அதனை அனுமதித்தது. பிற்காலத்தில் இது சற்றுத் தளர்த்தப்பட்டது. அதே காலச் சட்டம், கடும் ஊனமுடையோர் நீங்கலாக, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை விடுதிகளில் சேர்ப்பதைத் தடை செய்தது. தடைகள் இரண்டனுள் குழந்தைகளின் வளர்ச்சிக்கு நேரடியாகத் துணைநின்றது இரண்டாவதே எனக் கருத இடமுண்டு. முன்னது குழந்தை எந்த நாட்டில் வளரவேண்டும் என்பதைப் பற்றியது. பின்னது குழந்தை எவர் கையில் வளரவேண்டும் என்பதைப் பற்றியது.

பிற நாடுகளும் தம் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கலாயின. இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளிலிருந்து 1967 முதல் 1998 வரை நிகழ்ந்த தத்தெடுப்புகளில் முறைகேடுகளைக் கண்டறிந்த அறிக்கையை அடுத்து, நெதர்லாந்து 2021இல் அயல்நாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது. உறவினர் அல்லாத அயல்நாட்டினர்க்குக் குழந்தைகளை அளிப்பதைச் சீனா 2024இல் நிறுத்தியது. இந்தியாவைப் பொறுத்தவரை, இலட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்சநீதிமன்றம் 1984இல் வழங்கிய தீர்ப்பு அயல்நாட்டுத் தத்தெடுப்புக்கு வரையறைகளை வகுத்தது. ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் விடுதியில் சேர்த்தலை இறுதி வழியாகவே கொள்ளவேண்டும் என்கிறது. ருமேனியக் குழந்தைகளின் வரலாற்றைப் படிப்போர்க்கு இக்கடைசித் தொடரின் எடை விளங்கும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

ருமேனிய விடுதிக் குழந்தைகளின் துயரம் குருதியாலோ விதியாலோ நேர்ந்தது அன்று. அரசு வகுத்த மக்கள்தொகைக் கொள்கையாலும் வறுமையாலும் விடுதி நடைமுறையாலும் நேர்ந்தது. அவர்களிடம் பின்னர் காணப்பட்ட நடத்தைகள் நன்றிகெட்ட தன்மையோ பிறவிக் குறையோ அல்ல. அழைத்தும் எவரும் வராத நாட்களின் பதிவுகளாகும்.

அன்பு போதும் என்பது பாதி உண்மை. அன்பின்றி மீட்சி இல்லை என்பதற்கு வளர்ப்புக் குடும்பங்களை அடைந்த குழந்தைகள் சான்று. அன்பு மட்டும் போதாது, அது உரிய காலத்தில் வரவேண்டும், அறிவோடும் பொறுமையோடும் பல்லாண்டுகள் நிலைத்து நிற்கவேண்டும் என்பதற்கு ஆறு மாதங்களைக் கடந்து விடுதியில் கிடந்த குழந்தைகள் சான்று. எஞ்சிய பாதியைத் தத்தெடுத்த தாய் தந்தையர் மட்டுமே சுமக்கவேண்டும் என்பது நேர்மையாகாது. குழந்தையின் முன்வரலாற்றை மறையாது தெரிவித்தலும், பள்ளியிலும் மருத்துவத்திலும் தொடர்ந்து உதவுதலும், வளர்ந்தபின் தம் பிறப்புக் குடும்பத்தைத் தேடுவோர்க்கு ஆவணங்களைத் திறந்துவைத்தலும் அனுப்பிய நாட்டிற்கும் ஏற்ற நாட்டிற்கும் உரிய கடமைகளாகும்.

1990இல் கட்டிலில் கிடந்த அக்குழந்தைகள் இன்று முப்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களுள் பலர் தம் பெயரையும் ஊரையும் தேடி ருமேனியாவுக்குச் சென்று வருகின்றனர். அவர்களை மீட்கப்பட்டோர் என்று மட்டும் எழுதிவைத்தால், நன்றிக்கடன் என்னும் புதிய சுமையை அவர்கள்மேல் ஏற்றியவர்களாவோம். பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு குழந்தைக்கும் உரியதாக இருந்த ஒன்று, அதாவது அழைத்தால் வரும் ஒருவர், அவர்களுக்குக் காலந்தாழ்த்தே வந்தது. வரலாறு பதிவு செய்யவேண்டியது இத்தாமதத்தையும் அதற்குப் பொறுப்பானோரையுமே ஆகும்.